அயோவா 2019: முதலில் வந்த 45-ம் எண் வண்டி கடைசி இடத்துக்குப் போனது எப்படி

2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற சிறிய ஊரில் உள்ள அயோவா ஸ்பீட்வேயில், அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் டிரக் தொடரின் 200 லேப் பந்தயம் நடந்தது. நீஸ் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அணியின் 45-ம் எண் ஷெவர்லேயை ஓட்டிய ராஸ் சாஸ்டெய்ன் 141 லேப் முன்னிலையில் ஓடி, கடைசிக் கொடியையும் முதல் ஆளாகத் தாண்டினார். சில மணி நேரம் கழித்து வந்த அதிகாரபூர்வ பட்டியலில் அவர் பெயர் 32-வது இடத்தில், அதாவது கடைசியில் இருந்தது. இரண்டாவதாக வந்த ப்ரெட் மாஃபிட்டுக்கு வெற்றி போய்விட்டது. பந்தயம் முடிந்து சோதித்தபோது 45-ம் எண் வண்டியின் முன்பக்கம் விதி அனுமதிக்கும் உயரத்தை விடத் தாழ்ந்திருந்தது, காரணம் அவ்வளவுதான்.

நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களில் எதிலுமே 1995-க்கு அப்புறம் வென்றவரிடமிருந்து வெற்றி பிடுங்கப்பட்டதில்லை. அந்த ஆண்டு மிச்சிகனில் புஷ் தொடர்ப் பந்தயத்தில் (பின்னால் எக்ஸ்ஃபினிட்டி என்று பெயர் மாறிய இரண்டாம் நிலைத் தொடர்) டேல் ஜாரெட்டுக்கு நடந்தது, அதன் பிறகு 24 வருடம் எதுவும் இல்லை. அதனால்தான் இந்த ஒரு பந்தயத்தை முழுசாக எடுத்துப் பார்க்கிறேன். நாஸ்கார் செய்தது சரி என்பதே என் முடிவு. அதே சமயம், அந்தத் தீர்ப்பின் விலையைக் கட்டியது பணக்கார அணி இல்லை. அந்த விலை எவ்வளவு என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் களம். டிரக் தொடர் 1995-ல் தொடங்கியது. அப்போது ஓடியவை ஷெவர்லே சில்வராடோ, ஃபோர்ட் எஃப்-150, டொயோட்டா டன்ட்ரா பிக்கப்களின் தோற்றத்தில் கட்டப்பட்ட பந்தய வண்டிகள். உள்ளே குழாய்ச் சட்டகமும் வி8 எஞ்சினும்தான், ஷோரூமில் இருக்கும் பிக்கப்புக்கும் இவற்றுக்கும் முகத்தைத் தவிர ஒற்றுமை அதிகம் கிடையாது. நாஸ்காரில் மேலே கப், அதற்குக் கீழே அப்போது எக்ஸ்ஃபினிட்டி என்று பெயர் கொண்டிருந்த தொடர், மூன்றாவதாக இது. மேலே போகத் துடிக்கும் இளைஞர்களும், ஏற்கெனவே மேலே இருந்துவிட்டு வந்தவர்களும், பணம் தேடி அலையும் சிறு அணிகளும் ஒரே இடத்தில் மோதுவதால் எனக்கு மூன்றிலும் இதுதான் அதிகம் பிடிக்கும்.

அயோவா ஸ்பீட்வே 2006-ல் திறந்தது. முன்னாள் கப் சாம்பியன் ரஸ்டி வாலஸ் அதன் வடிவமைப்பில் பங்கெடுத்தவர். நியூட்டன் ஒரு காலத்தில் மேடேக் வாஷிங் மெஷின் கம்பெனியின் ஊர், அந்தத் தொழிற்சாலை 2007-ல் மூடியது. டிராக் ஒரு சுற்று 0.875 மைல், சுமார் 1.4 கிலோமீட்டர். வளைவுகள் 12 முதல் 14 டிகிரி வரை சாய்ந்திருக்கும். அப்போது தரை எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, வளைவுக்குள் போகும்போது வண்டியைத் தூக்கிப் போடும் மேடுகள் இருந்தன. இந்த மேடுகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாஸ்டெய்ன். புளோரிடாவின் ஆல்வா என்ற ஊரில் எட்டுத் தலைமுறையாகத் தர்பூசணி விவசாயம் செய்யும் குடும்பம் அவருடையது. ஜெயித்தால் ஒரு தர்பூசணியைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டு உடைப்பார். 2018 செப்டம்பரில் லாஸ் வேகஸில் சிப் கனாஸி என்பவரின் அணியின் எக்ஸ்ஃபினிட்டி காரில் அவர் ஜெயித்தபோது, பல வருடம் பின்வரிசை அணிகளில் உழன்றவருக்கு ஒருவழியாக நல்ல இடம் கிடைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2019-க்கு முழு சீசன் ஒப்பந்தமும் ஆனது. டிசம்பரில் அந்த காரின் ஸ்பான்சரான டிசி சோலார் நிறுவனத்தில் எஃப்பிஐ சோதனை நடந்தது. அது ஒரு பெரிய முதலீட்டு மோசடி என்பது பின்னால் நீதிமன்றத்தில் உறுதியானது. ஸ்பான்சர் பணம் நின்றதும் கனாஸியின் எக்ஸ்ஃபினிட்டி அணியே ஜனவரியில் மூடப்பட்டது. தன் தவறு எதுவும் இல்லாமல் சாஸ்டெய்ன் மறுபடியும் கிடைத்த வண்டியை எல்லாம் ஓட்டும் நிலைக்கு வந்தார். கப்பில் ஒன்று, எக்ஸ்ஃபினிட்டியில் ஒன்று, டிரக்கில் நீஸ் அணியின் வண்டி என்று மூன்று தொடரிலும் ஓடினார்.

நீஸ் அணியும் பெரிய இடம் கிடையாது. டெக்சாஸில் தண்ணீர் டிரக்குகள் தயாரிக்கும் தொழிலதிபர் அல் நீஸ் நடத்தும் அணி அது. 2019 மே மாதம் கன்சாஸில், முன்னால் ஓடிய ஸ்டூவர்ட் ஃப்ரீசனின் வண்டி கடைசி நேரத்தில் எரிபொருள் தீர்ந்து தடுமாற, சாஸ்டெய்ன் முந்திப் போய் ஜெயித்தார். அவருக்கும் அந்த அணிக்கும் டிரக் தொடரில் அது முதல் வெற்றி. ஆனால் நாஸ்காரில் ஒரு ஓட்டுநர் ஏதாவது ஒரு தொடரில்தான் சாம்பியன்ஷிப் புள்ளிகள் சேர்க்க முடியும், அப்போது அவர் எக்ஸ்ஃபினிட்டியைத் தேர்ந்திருந்தார். ஆகவே கன்சாஸ் வெற்றி, பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்டமான பிளேஆஃபின் கணக்கில் சேரவில்லை.

ஜூன் தொடக்கத்தில் அவர் தேர்வை டிரக்குக்கு மாற்றினார். துணிச்சலான முடிவு என்று அப்போதே சொன்னார்கள், காரணம் புள்ளிகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ரெகுலர் சீசனில் மிச்சம் இருந்தது 8 பந்தயம். அதற்குள் ஒன்றையாவது ஜெயிக்க வேண்டும், கூடவே புள்ளிப் பட்டியலில் முதல் 20-க்குள் வர வேண்டும், அப்போதுதான் எட்டுப் பேர் போகும் பிளேஆஃபில் இடம். மாற்றியபின் ஓடிய இரண்டாவது பந்தயம்தான் அயோவா.

பந்தயம் சனிக்கிழமை இரவு நடக்க வேண்டியது, மழையால் ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போனது. முதலிடத்தில் கிளம்பியவர் 16 வயது சாண்ட்லர் ஸ்மித். டிரக் தொடரில் அவருக்கு அதுதான் முதல் பந்தயம், கைல் புஷ்ஷின் அணிக்காக ஓடினார். தொடக்கத்தில் அந்தப் பையன் நன்றாகவே ஓடினான். ஆனால் போகப் போகப் பந்தயம் சாஸ்டெய்ன் கைக்கு வந்தது, அப்புறம் அங்கேயே இருந்தது. 200-ல் 141 என்பது ஒருவர் அதிர்ஷ்டத்தில் எடுக்கும் எண்ணிக்கை இல்லை. அன்று களத்தில் வேகமான வண்டி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. கேள்வியே, அந்த வேகத்தில் எவ்வளவு விதிக்குள் இருந்தது என்பதுதான்.

அன்று இன்னொரு சம்பவமும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜானி சாட்டரும் ஆஸ்டின் ஹில்லும் உரசிக்கொண்டதில் சாட்டர் சுவரில் போய் மோதினார். அதற்குப் பிறகு, மஞ்சள் கொடியில் எல்லோரும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, சேதமான வண்டியோடு தேடிப் போய் ஹில்லை இடித்தார். நாஸ்கார் அவரை அங்கேயே ஓரங்கட்டியது, அடுத்த பந்தயத்துக்குத் தடையும் போட்டது. இதில் எனக்கு வியப்பாக இருப்பது இருக்கைகள் கைமாறிய விதம். மாஃபிட் 2018-ல் ஹட்டோரி ரேசிங் என்ற சிறிய அணியில், ஒவ்வொரு வாரமும் பணம் இருக்குமா இல்லையா என்ற நிலையில் ஓடி சாம்பியன் ஆனவர். சாம்பியன் ஆன கையோடு அந்த இருக்கை அவரிடமிருந்து போனது, ஸ்பான்சரோடு வந்த ஆஸ்டின் ஹில் அதில் உட்கார்ந்தார். 2019 ஜனவரியில் ஜிஎம்எஸ் அணி சாட்டரை விடுவித்தது, அவர் இடத்துக்கு மாஃபிட் வந்தார். ஆக, தன் பழைய வண்டியை ஓட்டியவரும், தனக்கு முன் இந்த அணியில் ஓட்டியவரும் சண்டை போட்டுக்கொண்ட பந்தயத்தில் மாஃபிட் இரண்டாவதாக வந்து வெற்றியாளர் ஆனார். அவர் பிறந்து வளர்ந்தது நியூட்டனிலிருந்து அதிக தூரம் இல்லாத கிரைம்ஸ். அதே டிராக்கில் 2018-ல் கடைசி லேப்பில் நோவா கிராக்சனோடு மல்லுக்கட்டி ஜெயித்தவரும் அவர்தான்.

சரி, விவகாரத்துக்கு வருவோம்.

உயர விதி எதற்கு? இந்த வண்டிகளின் மூக்குக்கு அடியில் ஸ்பிளிட்டர் என்ற தட்டையான பலகை தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருக்கும். அது தரையை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு குறைவான காற்று வண்டிக்கு அடியில் நுழையும். மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு, அதனால் முன்சக்கரங்கள் தரையோடு அழுந்தும். ஓவலில், அதாவது நீள்வட்ட டிராக்கில், வேகம் என்பது நேர்கோட்டில் எஞ்சின் இழுப்பதைக் காட்டிலும் வளைவுக்குள் ஆக்சிலேட்டரை எவ்வளவு சீக்கிரம் மிதிக்க முடிகிறது என்பதில் இருக்கிறது. முன்சக்கரம் பிடிக்கும் என்று தெரிந்த ஓட்டுநர் சீக்கிரம் மிதிப்பார். ஒரு லேப்பில் கிடைப்பது கண்ணுக்குத் தெரியாத அளவுதான், 200 லேப்பில் அது பெரிய இடைவெளி.

ஓடும்போது எல்லா வண்டியுமே தாழத்தான் செய்யும். பின்னால் ஒரு ஆள் ஏறினால் பைக்கின் ஷாக் அமுங்குகிற மாதிரி, காற்றின் அழுத்தத்திலும் வளைவின் சாய்விலும் ஸ்பிரிங்குகள் அமுங்கி மூக்கு தரையைத் தேய்க்கிற அளவுக்கு இறங்கும். அதை நாஸ்கார் தடுப்பதில்லை, ஓடும்போது அளக்கவும் முடியாது. நின்ற நிலையில்தான் அளக்கிறார்கள். பந்தயத்துக்கு முன்பும் ஒரு குறைந்தபட்ச உயரம் இருக்க வேண்டும், முடிந்த பிறகும் வண்டி அந்த உயரத்துக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். அணிகளின் மூளை எல்லாம் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது: முன்னால் உயரமாக நின்று, ஓடும்போது அடியோடு இறங்கி, முடிந்ததும் மறுபடி எழுந்து நிற்கிற சஸ்பென்ஷன். ஸ்பிரிங் எவ்வளவு மென்மை, ஷாக் எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது, அடியில் எந்த இடத்தில் முட்டி நிற்கிறது என்பதெல்லாம் சேர்ந்ததுதான், வண்டியைத் தயார் செய்யும் குழுவின் தலைவரான க்ரூ சீஃபின் வாரம். கப் தொடர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று 2014-ல் முன்பக்க உயர விதியைக் கைவிட்டது. டிரக் தொடரில் 2019-லும் உயர விதி இருந்தது.

முடிந்த உடனே அளந்தால் அது நியாயமாக இருக்காது என்பது நாஸ்காருக்கும் தெரியும். டயரின் காற்றழுத்தம் ஓடும்போது இருந்த மாதிரி இருக்காது, எரிபொருள் தொட்டி காலியாக இருக்கும், ஷாக்குகள் இன்னும் முழுசாகத் திரும்பியிருக்காது. ஆகவே முதல் அளவில் தாழ்ந்திருந்தால் நேரடியாக வெளியே அனுப்புவதில்லை. அப்போது டிரக் தொடரின் நிர்வாக இயக்குநராக இருந்த பிராட் மோரான் அன்று நிருபர்களிடம் விளக்கியபடி, வண்டியை உருட்டிப் பார்க்க விடுகிறார்கள், எரிபொருள் ஊற்ற விடுகிறார்கள், டயரில் காற்றடிக்க விடுகிறார்கள், எல்லாம் நிலைக்கு வரச் சில நிமிடம் கொடுக்கிறார்கள். தொட்டி பின்னால் இருப்பதால் எரிபொருள் நிரம்பினால் பின்பக்கம் இறங்கி மூக்கு துளி எழும். காற்றடித்தால் நான்கு மூலையும் எழும். இவை எல்லாமே அணிக்குச் சாதகமான சலுகைகள். அதற்கு அப்புறம்தான் மறுபடி அளக்கிறார்கள். 45-ம் எண் வண்டி இரண்டாவது முறையும் எழவில்லை. முன்பக்கம் மிகவும் தாழ்ந்திருந்தது என்றார் மோரான். நூலிழையில் போன வழக்காக இதை அவர் வர்ணிக்கவில்லை.

முந்தைய வருடமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? வண்டிகளின் விரிவான சோதனை வட கரோலினாவின் கான்கார்டில் உள்ள நாஸ்கார் ஆய்வு மையத்தில் வாரத்தின் நடுவில் நடக்கும். தப்பு கண்டுபிடித்தாலும் வெற்றி வென்றவர் பெயரிலேயே இருக்கும், அதனால் கிடைக்கும் பலன்களை மட்டும் வெட்டுவார்கள். 2017-ல் ரிச்மண்டில் ஜோயி லோகானோ ஜெயித்தார், பின்பக்க சஸ்பென்ஷனில் தவறு என்று தெரிந்ததும் அந்த வெற்றி பிளேஆஃபுக்குச் செல்லாது என்றார்கள். அந்த வருடம் அவர் பிளேஆஃபுக்கே போகவில்லை. ஆனால் புத்தகத்தில் ரிச்மண்ட் வெற்றியாளர் இன்றைக்கும் லோகானோதான். 2018 நவம்பரில் டெக்சாஸில் கெவின் ஹார்விக் ஜெயித்த பிறகு காரின் பின்பக்கத்தில் இருக்கும் ஸ்பாய்லர் பலகையில் குறை கண்டுபிடித்தார்கள், அவருக்கும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமை கொண்டாடிவிட்டுப் போன ரசிகர் புதன்கிழமை செய்தியைப் பார்த்து, அப்படியானால் ஜெயித்தது யார் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. அதுதான் அந்த முறையின் பெரிய கோளாறு.

2019 பிப்ரவரியில் நாஸ்கார் இதை மாற்றியது. சோதனை அன்றைக்கே, டிராக்கிலேயே, பந்தயம் முடிந்த ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குள். தேறாவிட்டால் தகுதிநீக்கம், இரண்டாவதாக வந்தவருக்கு வெற்றி. தகுதிநீக்கம் ஆனவருக்குக் கடைசி இடத்தின் புள்ளி மட்டும், பந்தயத்தின் நடுவே ஸ்டேஜ் என்ற கட்டங்களில் முன்னால் வந்து எடுத்த புள்ளிகளும் போகும். அறிவித்தபோது பலர் நம்பவில்லை. வென்றவரை உண்மையிலேயே தூக்குவார்களா, ஏதாவது காரணம் சொல்லிச் சமாளிப்பார்கள் என்பதுதான் பொதுவான பேச்சு. முதல் சோதனை அயோவாவில் வந்தது.

சாஸ்டெய்ன் இழந்தது என்ன என்று பார்த்தால் தீர்ப்பின் எடை புரியும். வெற்றிக்கு 40 புள்ளி, ஸ்டேஜ் புள்ளிகள் தனி. கைக்கு வந்தது 32-வது இடத்தின் 5 புள்ளி. பூஜ்யத்திலிருந்து ஏறி முதல் 20-க்குள் வர வேண்டிய ஆளுக்கு இது சாதாரண அடி இல்லை. பிளேஆஃபுக்கான வெற்றியும் போனது. அதோடு அந்த வருடம் டெக்சாஸ், அயோவா, கேட்வே மூன்று பந்தயங்களுக்கும் சேர்த்து ஒரு சிறப்புப் பரிசு வைத்திருந்தார்கள்: ஒன்றை ஜெயித்தால் 50,000 டாலர், இரண்டை ஜெயித்தால் மொத்தம் 1,50,000, மூன்றையும் ஜெயித்தால் 5,00,000. டெக்சாஸில் ஓய்விலிருந்து ஒரு பந்தயத்துக்காக மட்டும் வந்த கிரெக் பிஃபிள் ஜெயித்திருந்தார். அயோவாவின் 50,000 மாஃபிட்டின் அணிக்குப் போனது.

நீஸ் அணியின் வாதம் எளிமையானது. வண்டியை விதிப்படிதான் கட்டினோம், பந்தயத்துக்கு முன் சோதனையில் தேறினோம், ஓடும்போது ஏற்பட்ட சேதத்தால் உயரம் குறைந்தது, ஆதாயம் தேடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. அந்த மேடுகளை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அவற்றில் 200 லேப் மூக்கை இடித்துக்கொண்டே ஓடினால் சஸ்பென்ஷனின் ஒரு சிறிய பாகம் வளைவதோ உட்காருவதோ நடக்கக்கூடிய காரியம்தான். வேண்டுமென்றே தாழ்த்தும் அணி, முடிந்ததும் வண்டி எழுவதற்கு வழி வைத்திருக்கும், இவ்வளவு அப்பட்டமாக மாட்டிக்கொள்ளாது என்று வாதாடவும் இடம் உண்டு. சாஸ்டெய்னையும் அந்த அணியையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது. நானும் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் மேல்முறையீடு தோற்றது, தோற்றதுதான் சரி என்பேன். உயர விதி எண்ணத்தைக் கேட்பதில்லை. வண்டி இந்த உயரத்தில் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். தாழ்ந்த வண்டி எந்தக் காரணத்தால் தாழ்ந்திருந்தாலும், தாழ்ந்த பின் ஓடிய லேப்களில் அதற்குக் கிடைத்த பிடிமானம் நிஜம். பின்னால் துரத்தியவர்களுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. சேதம் என்ற சொல்லுக்கு ஒரு முறை கதவைத் திறந்துவிட்டால், அடுத்த வாரமே ஒவ்வொரு அணியும் பந்தய நடுவில் உடைவதற்கென்றே ஒரு பாகத்தைச் செய்துவிடும். நாஸ்கார் மெக்கானிக்குகளின் திறமையைத் தெரிந்தவர்கள் யாரும் இதை மிகை என்று சொல்ல மாட்டார்கள். உடைந்ததா உடைக்கப்பட்டதா என்று ஒரு ஞாயிறு மாலையில் பார்க்கிங் லாட்டில் உட்கார்ந்து யார் தீர்மானிப்பது? அந்தக் கேள்விக்கே இடம் கொடுக்காததுதான் இந்த விதியின் பலம்.

ஒரு குறை எனக்கு உண்டு. இன்னொரு வண்டி மோதி முன்பக்கமே நசுங்கியிருந்தால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அதை அளவுகோலில் வைத்துத் தண்டிப்பதில் அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியும் மோதல் சேதத்துக்கும், பாதையின் இயல்பான அடியால் வரும் தேய்மானத்துக்கும் நடுவே கோடு எங்கே என்பதை இப்படி ஒரு வழக்கு வந்த பிறகாவது எல்லோரும் படிக்கும்படி, எந்தப் பாகம், எவ்வளவு இறங்கியிருந்தது என்ற விவரத்தோடு சொல்லியிருக்க வேண்டும். மிகவும் தாழ்ந்திருந்தது என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு ரசிகர்கள் வீட்டுக்குப் போனார்கள். வெற்றியைப் பிடுங்கும் அளவுக்குத் துணிந்தவர்கள் அளவையும் வெளியே சொல்லியிருக்கலாம்.

தகுதிநீக்க வழக்குகளுக்கு மேல்முறையீடு வேகமாக நடக்கும், அடுத்த பந்தயத்துக்குள் முடிவு வந்தாக வேண்டும். மூன்று பேர் குழு ஜூன் 19, புதன்கிழமை நீஸ் அணியைக் கேட்டு, நாஸ்காரின் முடிவு நிற்கும் என்றது.

அந்தத் தேதியைப் பார்த்ததும் நாஸ்கார் வரலாறு தெரிந்தவர்களுக்கு இன்னொரு ஜூன் 19 மனதில் வந்திருக்கும். 1949 ஜூன் 19, சார்லட்டில் முக்கால் மைல் மண் டிராக்கில் இன்றைய கப் தொடரின் முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் க்ளென் டனவே. பந்தயத்துக்குப் பிறகு காரைச் சோதித்ததில் பின்பக்க ஸ்பிரிங்குகளை விரித்து மாற்றியிருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்தும் கார்களில் அப்படிச் செய்வது அந்தப் பக்கத்து வழக்கம், பாரம் ஏற்றினாலும் கார் நிலையாக ஓட வேண்டுமே. வெற்றி கன்சாஸிலிருந்து லிங்கன் காரோடு வந்திருந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுக்கப்பட்டது. காரின் உரிமையாளர் ஹூபர்ட் வெஸ்ட்மோர்லேண்ட் 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார், நீதிபதி தள்ளுபடி செய்தார். விதியைப் போடுவதும் அமல்படுத்துவதும் நாஸ்காரின் உரிமை என்பது அந்த வழக்கில்தான் நிலைபெற்றது. முதல் பந்தயத்திலேயே, அதுவும் ஸ்பிரிங் விவகாரத்தில், வென்றவரை நீக்கிய அமைப்பு, சரியாக 70 வருடம் கழித்து அதே தேதியில் இன்னொரு சஸ்பென்ஷன் உயர வழக்கில் அதே முடிவை உறுதி செய்தது. நடுவில் எத்தனையோ வருடம் அந்தத் துணிவைத் தவிர்த்து வந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். கப் தொடரில் 1960-ல் வில்சன் ஸ்பீட்வேயில் அளவுக்கு மீறிய எரிபொருள் தொட்டி வைத்திருந்த இமானுவல் ஸெர்வாக்கிஸிடமிருந்து வெற்றியைப் பறித்து ஜோ வெதர்லிக்குக் கொடுத்த பிறகு, அறுபது வருடத்துக்கு அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. அறுபது வருடம் வென்றவர்கள் எல்லோரும் சுத்தமாக இருந்தார்கள் என்று யாரும் நம்பப் போவதில்லை.

மேல்முறையீடு தோற்ற மூன்றாவது நாள், ஜூன் 22, செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்தில் இலினாய் மாநிலத்தின் மேடிசனில் உள்ள கேட்வே ஓவல். ஒன்றேகால் மைல் டிராக், 160 லேப். சாஸ்டெய்ன் அங்கே ஜெயித்தார். டாட் கில்லிலேண்ட் இரண்டாவது. தர்பூசணி உடைந்தது. அதற்கு அப்புறம்தான் நிஜமான காத்திருப்பு, வண்டி சோதனைக் கூடத்துக்குள் போனது, எல்லோர் பார்வையும் அந்தக் கதவில். இந்த முறை தேறியது. ஒரு சிறிய அணி ஆறு நாளில் வெற்றி, தகுதிநீக்கம், மேல்முறையீடு, தோல்வி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுபடி வந்து விதிக்குள் ஜெயித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அயோவாவில் அவர்கள் வேகத்துக்குக் காரணம் தாழ்ந்த மூக்கு மட்டும்தான் என்று பேசியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எதுவும் கிடையாது.

கேட்வேக்கான 50,000 டாலர் கிடைத்தது. ஆனால் அயோவாவும் நின்றிருந்தால் இரண்டு வெற்றிக்கு 1,50,000 வந்திருக்கும். ஆக அந்த உயரக் குறைவின் ரொக்க விலை, பரிசுத்தொகை வித்தியாசத்தைச் சேர்க்காமலே, 1,00,000 டாலர். பெரிய அணிக்கு அது வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரிதான். ஸ்பான்சருக்குக் காத்திருக்கும் டிரக் அணிக்கு அது பல பந்தயங்களின் டயர் செலவு.

புள்ளிகளைப் பொறுத்தவரை கடைசியில் பாதிப்பு மட்டுப்பட்டது. ரெகுலர் சீசன் முடிவதற்குள் சாஸ்டெய்ன் முதல் 20-க்குள் வந்தார், நடுவில் ஜூலை 27 அன்று பொகோனோவிலும் ஜெயித்தார், பிளேஆஃபில் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி நவம்பரில் ஹோம்ஸ்டெட் இறுதிப் போட்டியின் நான்கு பேரில் ஒருவராக நின்றார். நால்வரில் மாஃபிட்டும் இருந்தார், அந்த வருடம் அவர் கணக்கில் அயோவாவையும் சேர்த்து நான்கு வெற்றி. இறுதியில் நால்வரில் முன்னால் வருபவருக்கே பட்டம், சேர்த்து வைத்த புள்ளிகள் அங்கே உதவாது. பட்டம் பெற்றவர் மேட் கிராஃப்டன், அந்த சீசனில் ஒரு பந்தயம்கூட ஜெயிக்காதவர். சாஸ்டெய்ன் சாம்பியன்ஷிப்பில் இரண்டாவது. அயோவா தீர்ப்பு பட்டத்தைத் தீர்மானிக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

விதியைப் பொறுத்தவரை அயோவா வேறொன்றைத் தீர்மானித்தது. சின்ன அணி என்பதால்தான் கை வைத்தார்கள், பெரிய பெயராக இருந்தால் விட்டிருப்பார்கள் என்ற பேச்சு அந்த வாரம் பரவலாக இருந்தது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் டார்லிங்டனில் எக்ஸ்ஃபினிட்டி பந்தயத்தை ஜோ கிப்ஸ் அணியின் காரில் டென்னி ஹாம்லின் ஜெயித்தார், பின்பக்க உயரம் விதிக்குள் இல்லை என்று அவரைத் தூக்கிவிட்டு கோல் கஸ்டருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். 2022 ஜூலை 24 அன்று பொகோனோவில், கப் தொடரிலேயே, முதலில் வந்த ஹாம்லினும் இரண்டாவதாக வந்த கைல் புஷ்ஷும் ஒன்றாக நீக்கப்பட்டார்கள். காரின் முகப்பில் ஸ்டிக்கருக்கு அடியில் டேப் ஒட்டியிருந்ததுதான் காரணம். மூன்றாவதாக வந்த சேஸ் எலியட் வெற்றியாளர். 1960-க்கு அப்புறம் கப்பில் வென்றவர் வெற்றியை இழந்தது அதுவே முதல் முறை, அதுவும் அந்தத் தொடரின் மிகப் பெரிய அணிகளில் ஒன்றின் இரண்டு கார்கள். அந்த அணி மேல்முறையீட்டுக்கே போகவில்லை.